ஏழாவது பத்தி

புவேர்ட்டோ மோன்ட்டில் காலை ஆறு மணி.
பெர்கனில் நண்பகல்.
அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் பேசுவார்கள்,
நான் வெறும் வயிற்றில்.
பேரத்தில் இதுவும் ஒரு கணக்கு என்று
அப்போது தோன்றவில்லை.

மேலே கோட்டு, கீழே கம்பளிக் கால்சட்டை.
விறகடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
நெற்றி மினுங்காதபடி
விளக்கைத் திருப்பி வைத்தேன்.
நேற்று இரவெல்லாம் அந்த எண்ணைச்
சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்,
பல் துலக்கும்போது,
மகனின் டப்பாவுக்கு ரொட்டி அறுக்கும்போது.
எட்டு லட்சத்து இருபதாயிரம் குரோனர்.
முதல் தடவை சிரிப்பு வந்தது.
இருபதாவது தடவை
அது என் வயதைப் போல ஆகியிருந்தது.

ஸ்டவாங்கருக்குப் போன லூஸ்மிரா எழுதியிருந்தாள்:
முதலில் நீ எண்ணைச் சொல்லாதே.
வரி போக மிஞ்சுவதைப் பார்.
பல் வைத்தியம் அங்கே கைக்காசு,
அதை மறக்காமல் கேள்.

"இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள்?"
என்றாள் இங்வில்ட்,
மழை பெய்கிறதா என்று கேட்பதைப் போல.
பதினோரு வருடம் சால்மன் கூண்டுகளின் விளிம்பில் நின்று
செவுளைத் திறந்து பார்த்தவள் நான்.
தூண்டிலைப் பார்த்தால் தெரியும்.
"உங்கள் ஊரில் இந்த வேலைக்கு என்ன தருவார்களோ
அதைப் பேசுவோம்" என்றேன்.
என் குரல்தானா என்று
திரையின் மூலையிலிருந்த என்னைப் பார்த்தேன்.
அவள் அதற்குள் வாயை மூடியிருந்தாள்.

"அப்படியானால் உங்கள் எதிர்பார்ப்பு?"
லூஸ்மிரா மன்னிக்க.
சொல்லிவிட்டேன்.

மௌனம்.
விறகு ஒன்று சரிந்தது.
கூரைத் தகரத்தில் மழை.
'குறைத்துக்கொள்ளலாம்' என்ற சொல்
நாக்கின் நுனியில்
செருப்பை மாட்டிக்கொண்டு நின்றது.
மேசைக்கு அடியில் நெஃப்தலி என் காலை அழுத்தினான்.
ஆமாம், அங்கேதான் இருந்தான்,
கேமராவுக்கு அகப்படாமல்,
தரையில், மாத்தே குவளையோடு.

"முடியும்" என்றாள் இங்வில்ட்.
யோசிக்கவே இல்லை.
அந்த நொடியில் தெரிந்துபோயிற்று,
குறைத்துக் கேட்டிருக்கிறேன்.

அழுத பிள்ளைக்குத்தான் பால்.
எவ்வளவு நேரம் அழ வேண்டும்?

பிறகு சலுகைகள்.
மூன்று மாத வாடகை அவர்களுடையது.
கன்டெய்னரில் பாதி.
பையனுக்குப் பள்ளி இலவசம்;
அந்த நாட்டில் எல்லோருக்கும் இலவசம்,
அதையும் பட்டியலில் போட்டிருந்தார்கள்.
மழைக்குப் படி கிடையாது,
இரண்டு ஊரிலும் ஒரே மழை.
'உடன் வருபவர்: ஒருவர்.'
இருபது வருடம் சிலோயே தீவுக்குப் போகும் படகுகளின்
என்ஜினைக் கழற்றிப் பூட்டியவன்
ஒரு விமானச் சீட்டாக இருந்தான்.

"அவருக்கு ஒரு வருடம் மொழி வகுப்பு வேண்டும்.
சான்றிதழ்களை மொழிபெயர்க்கிற செலவும்."
கீழே தலை ஆடியது, வேண்டாம், வேண்டாம்.
இந்த முறை
நான் அவன் காலை மிதித்தேன்.

ஏழாவது பத்தி:
இரண்டு ஆண்டுக்குள் விலகினால்
இடம்பெயர்ந்த செலவு முழுவதையும் திருப்பித் தர வேண்டும்.
"நீங்களே என்னை நீக்கினால்?"
எழுதிக்கொண்டாள்.
"என் அப்பா இறந்து நான் திரும்ப நேர்ந்தால்?"
பேனா நின்றது.
அப்பா இரண்டு தெரு தள்ளி அந்நேரம்
நாயைத் திட்டிக்கொண்டிருப்பார்.
அவரிடம் கேட்காமலே
அவரை ஒரு நிபந்தனை ஆக்கியிருந்தேன்.

"சட்டப் பிரிவிடம் கேட்டுச் சொல்கிறேன்."

திரை அணைந்ததும்
நெஃப்தலி எழுந்து முட்டியைத் தேய்த்தான்.
"எட்டு அறுபதுக்கும் சரி என்றிருப்பாளோ?"
தெரியாது.
"எட்டரைக்காவது?"
தெரியாது என்றேனே.
பல்லைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.

ரொட்டி கருகும் வாடை.
ஏழரைக்குப் படகு.
பதினான்காம் கூண்டில்
கடல்பேன் ஏறிய மீன்கள்.
எண்ண வேண்டும்,
ஒரு மீனுக்கு எத்தனை என்று,
உள்ளதை உள்ளபடி.